காட்டுவது ஆணவமா?

எங்கள் வட்டார இளைஞர் பிரிவில் சனிக்கிழமை தோறும் வகுப்பு நடக்கும். முதலில் திருமுறை ஓதுவோம். பிறகு அரை மணி நேரம் ஏதாவது ஒரு தலைப்பில் பேசுவோம். அப்புறம் மீ கோரேங் சாப்பிட்டுவிட்டுக் கலைந்துவிடுவோம். அண்மையில் ஒரு சனிக்கிழமை மட்டும் பேச்சு முடியவே இல்லை. மீ கோரேங் ஆறிப்போனதுதான் மிச்சம்.

அன்றைக்கு எழுந்த கேள்வி இதுதான்: நாம் உருவாக்கிய ஒன்றை நாலு பேர் பார்க்கட்டும் என்று எடுத்துப் போய் வைப்பது ஆணவமா?

கேள்வியைக் கொண்டுவந்தவர் எங்கள் பிரிவில் இருக்கும் ஓர் அக்கா. பகலில் பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கில் வேலை. இரவில் படம் வரைவார். ஏழு ஆண்டுகளாக வரைகிறார். வரைந்தவை எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் மாதம் ஒரு மாலை உள்ளூர் ஓவியர்களின் படங்களை வைப்பார்கள். அங்கே மூன்று படம் வைக்க அவருக்கு அழைப்பு வந்தது. வீட்டில் பெரியம்மா சொன்னாராம், "நமக்கு எதுக்கும்மா இந்தக் காட்டிக்கிற வேலை? நல்லா வரையிற, சாமி படம் வரைஞ்சு வீட்ல மாட்டு, போதும்." அக்காவுக்கும் அது சரியோ என்று ஒரு தயக்கம். அதைத்தான் வகுப்பில் வைத்தார்.

எங்களில் பாதிப் பேர் "போங்க அக்கா, என்ன இருக்கு" என்றோம். மீதிப் பேர் அவ்வளவு எளிதாக விடவில்லை. "கலை இறைவனுக்குச் செய்யும் காணிக்கை. அதை ஆளுக்குக் காட்டிக் கைத்தட்டல் வாங்குவது வேற" என்றார் ஒரு தம்பி. அவன் சொன்னதை யாராலும் உடனே மறுக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்த மாலை நேர ஓவியக் கண்காட்சி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் போனதில்லை. ஊரின் நடுப்பகுதியில் இருக்கும் கலைக்கூடங்கள் எல்லாம் மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்று இரவு வரை கதவைத் திறந்து வைப்பது என்பது அமெரிக்காவில் பரவிய பழக்கம். சியாட்டல் நகரின் பழைய பகுதியில் 1981-இல் மாதத்தின் முதல் வியாழக்கிழமை என்று தொடங்கியது. பிலடெல்பியாவில் 1991-இலிருந்து முதல் வெள்ளிக்கிழமை. கட்டணம் இல்லை. ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். படம் வாங்குகிறவர்தான் வரவேண்டும் என்றில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். ஓவியர் பக்கத்திலேயே நிற்பார். கேள்வி கேட்கலாம்.

நம் பினாங்கிலும் இதற்கு ஏற்ற மண் இருக்கிறது. ஜாலான் குருத்வாராவில் 1947-இல் கட்டிய ஹின் பஸ் டிப்போ 2014-இல் கலைக்கூடமாக மாறியது. அதற்கு முன்பே, 2012-இல், லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்கரேவிச் ஆர்மேனியன் தெருச் சுவரில் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். சுவரில் பதித்திருப்பது நிஜ சைக்கிள். இன்றைக்கும் அங்கே படம் எடுக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். குவீன் தெரு மகா மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நடந்தால் பத்து நிமிடத்தில் அந்த வரிசையைப் பார்க்கலாம்.

அந்த வரிசையிலிருந்தே தம்பியின் கட்சியைத் தொடங்கலாம். அங்கே நிற்பவர்களில் எத்தனை பேர் சுவரைப் பார்க்கிறார்கள்? பெரும்பாலோர் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார்கள். காட்டுவது, பார்க்கப்படுவது என்பதெல்லாம் இன்றைக்கு ஒரு நோய் மாதிரி ஆகிவிட்டது. காலையில் இட்டிலி சாப்பிட்டால்கூடப் படம் போட வேண்டும், எத்தனை பேருக்குப் பிடித்தது என்று எண்ண வேண்டும். இந்தக் காலத்தில் "செய், ஆனால் காட்டாதே" என்று ஒருவர் சொன்னால் அதில் ஒரு நியாயம் தெரியத்தான் செய்கிறது.

நம் மரபிலும் அதற்குச் சான்று உண்டு. விடியற்காலையில் பாட்டி வாசலில் கோலம் போடுவார். புள்ளி பிசகாது. எட்டு மணிக்குள் மோட்டார் சைக்கிள் சக்கரம் அதன்மேல் ஏறிவிடும். எறும்பு தின்றுவிடும். பாட்டி கவலைப்பட மாட்டார். மறுநாள் வேறு கோலம் போடுவார். அதில் கையெழுத்தும் இல்லை, விலைச் சீட்டும் இல்லை. கோயிலில் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிற்பி மாதக்கணக்கில் உளி பிடிப்பார். கடைசியாகக் கண்ணைத் திறந்தபின் விலகிவிடுவார். அதற்குப் பிறகு அது அவர் செய்த சிலை இல்லை, நாம் கும்பிடும் சாமி. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனுக்குச் சொன்னதும் இதுதானே, செயலைச் செய், பலனைப் பிடித்துக்கொள்ளாதே என்று?

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மூன்று இடத்தில் அது முழு உண்மையைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

பெயர் போட்ட முன்னோர்

முதலாவது, "நம் முன்னோர் பெயரே போடவில்லை" என்பது. மேடையில் இதை அடிக்கடி கேட்கிறோம். பல சிற்பிகளின் பெயர் நமக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டிய தச்சரின் பெயர் அந்தக் கோயிலிலேயே கல்வெட்டாக இருக்கிறது: குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். மன்னன் தான் கொடுத்தவற்றை மட்டுமல்ல, தன் தமக்கை கொடுத்தவற்றையும் மற்றவர்கள் கொடுத்தவற்றையும் சேர்த்துக் கல்லில் வெட்டச் சொன்னான். அங்கே ஆடுவதற்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த சுமார் 400 பெண்களின் பெயர்கள், எந்த ஊர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை மதில் கல்வெட்டில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆடிய ஒரு பெண்ணின் வீட்டு இலக்கம் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது!

ஏன் வெட்டினார்கள்? பெருமைக்காக மட்டும் இல்லை. அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்கு என்று கோயில் கணக்கில் இருந்தது. யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று தெரியவேண்டுமானால் பெயர் வேண்டும். பெயர் என்பது அங்கே கணக்கு, உரிமை, மரியாதை எல்லாம்தான். கலைஞரின் பெயரை மறைப்பதுதான் பக்தி என்று இராசராசன் நினைக்கவில்லை.

பொறியியல் படிக்கும் எனக்கு இது சட்டென்று புரிகிறது. நம் நாட்டில் 1967-ஆம் ஆண்டின் பொறியாளர் பதிவுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கட்டடத்தின் வரைபடத்தை அரசாங்கத்திடம் கொடுக்கும்போது பதிவு பெற்ற நிபுணத்துவப் பொறியாளர் ஒருவர் அதில் கையெழுத்திட்டு முத்திரை வைக்கவேண்டும். அவர் புகழுக்காகக் கையெழுத்துப் போடவில்லை. நாளைக்கு உத்தரம் விரிசல் விட்டால் வந்து கேட்க ஓர் ஆள் வேண்டும், அதற்காக. கையெழுத்து என்பது "நான்தான் பெரியவன்" என்று சொல்வதாக இருக்கலாம். "இதற்கு நான் பொறுப்பு" என்று சொல்வதாகவும் இருக்கலாம். மை ஒன்றுதான், மனம்தான் வேறு. படத்தின் மூலையில் ஓர் ஓவியர் போடும் பெயரும் அப்படித்தான். இப்படித்தான் எனக்குத் தெரிந்தது, இதைத்தான் கண்டேன், பிழை இருந்தால் என்னிடம் கேளுங்கள் என்கிற துணிவு அதில் இருக்கலாம்.

கீதையின் மறுபாதி

இரண்டாவது, கீதை. நாம் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் அந்தச் சுலோகம் பலனில் பற்று வைக்காதே என்பதோடு நின்றுவிடவில்லை. அதே சுலோகத்தின் கடைசிப் பகுதி, செயல் செய்யாமல் இருப்பதிலும் பற்று வைக்காதே என்கிறது. பாதியை மட்டும் சொல்லிச் சொல்லி மீதியை மறந்துவிட்டோம். மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் இன்னொன்றும் சொல்கிறான். தனக்கென்று ஒன்றும் வேண்டாதவனும் உலக நன்மையை எண்ணிச் செயல்படவேண்டும் என்கிறான். லோகசங்கிரகம் என்பார்கள். உலகத்துக்குப் போய்ச் சேராத செயல் உலக நன்மைக்கு எப்படி ஆகும்? கட்டிலுக்கு அடியில் இருக்கும் படம் யாருக்கு என்ன நன்மை செய்யும்?

தாளில் ஒரு சுற்று வரைந்து, மின்கலத்தை வைத்து, கம்பியின் முனையை எதிலும் இணைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று இரண்டாம் படிவ மாணவருக்கும் தெரியும். அழுத்தம் இருக்கும், மின்னோட்டம் இருக்காது. விளக்கை இணைக்கும்போதுதான் ஓடும். கலையில் அந்த விளக்கு பார்ப்பவர்தான் என்று நம் பெரியவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். தஞ்சைக் கோயில் எழுந்த காலத்தை ஒட்டிக் காஷ்மீரத்தில் வாழ்ந்த சைவ அறிஞர் அபினவகுப்தர், நாட்டிய சாஸ்திரத்துக்கு உரை எழுதியவர். ரசம் என்பது பார்ப்பவர் உள்ளத்தில்தான் நிறைவு பெறுகிறது என்பது அவர் விளக்கம். அப்படிப் பார்ப்பவரைச் சகிருதயர் என்றார்கள். அதே இதயம் உடையவர் என்று பொருள். பார்வையாளரை இதைவிட உயர்வாக யார் சொல்லியிருக்கிறார்கள்?

அவ்வளவு ஏன், தில்லையில் ஆடும் பெருமானையே பாருங்களேன். அவனுக்கு யாரிடம் கைத்தட்டல் வாங்க வேண்டியிருக்கிறது? ஆனாலும் பதஞ்சலியும் வியாக்கிரபாதரும் காணத்தான் தில்லையில் ஆடினான் என்று தலபுராணம் சொல்கிறது. பக்கத்தில் சிவகாமி நின்று பார்க்கிறாள். திருவாலங்காட்டில் அவன் ஆட, காரைக்கால் அம்மையார் திருவடியின் கீழிருந்து பார்த்துப் பாடுகிறார். ஆட்டமும் அருள்தான், அதைக் காண்பதும் அருள்தான். நாம்கூட எங்கே போகிறாய் என்று கேட்டால் "சாமி பார்க்கப் போறேன்" என்றுதானே சொல்கிறோம்? பார்ப்பதையே வழிபாடாக வைத்திருக்கும் ஒரு சமயத்தில், காட்டுவது எப்படிப் பாவமாகும்?

கருவறையில் இருக்கும் மூலவர் அசையமாட்டார். அதனால்தான் உற்சவர் தெருவுக்கு வருகிறார். தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்குத் தெருக் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிறதே, அது எதற்கு? நடக்க முடியாத பாட்டிக்கும், கடையை விட்டு வரமுடியாத அண்ணனுக்கும், நம் சமயத்தையே சேராத சீன ஆன்டிக்கும் முருகன் தன்னைக் காட்டத்தான். ஓவியத்தை வீட்டுச் சுவரிலிருந்து கழற்றி ஊர் நடுவே கொண்டுபோய் வைப்பதும் சிறிய அளவில் ஒரு புறப்பாடுதான்.

ஆணவம் என்றால் என்ன?

மூன்றாவதுதான் முக்கியமானது. "ஆணவம்" என்ற சொல்லையே நாம் பாதிப் பொருளில்தான் பயன்படுத்துகிறோம். திமிர், தலைக்கனம் என்று நினைக்கிறோம். சைவ சித்தாந்தத்தில் ஆணவம் என்பது உயிரைப் பற்றியிருக்கும் மும்மலங்களில் முதலாவது. செம்பில் களிம்பு மாதிரி உயிரோடு கூடவே இருப்பது. அதன் வேலை மறைப்பது. எங்கும் விரிய வேண்டிய உயிரின் அறிவை அது அணு அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. அதனால்தான் ஆணவம் என்ற பெயரே என்று எங்கள் வகுப்பு ஆசிரியர் விளக்குவார்.

உமாபதி சிவம் திருவருட்பயனில் இதைப் பற்றி ஒரு நுட்பமான கருத்தைச் சொல்கிறார். சாதாரண இருட்டு மற்றப் பொருள்களை மறைக்கும், ஆனால் "நான் இருட்டு" என்று தன்னையாவது காட்டிக்கொள்ளும். ஆணவ இருளோ மற்றதையும் காட்டாது, தன்னையும் காட்டாது. அதாவது, ஆணவம் நம்மிடம் இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாத மாதிரி அது நம்மைப் பிடித்திருக்கும்.

இதை அக்காவின் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். ஏழு ஆண்டுகளாக அந்தப் படங்களை வெளியே விடாமல் வைத்திருந்தது அடக்கமா? அடக்கம் மட்டுமா? அக்காவே வகுப்பில் சொன்னார்: "யாராவது பார்த்து, இது ஒண்ணும் பெரிசா இல்லையேன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னுதான் பயம், தம்பி." அந்தப் பயம் யாரைக் காப்பாற்றுகிறது? இறைவனையா? கலையையா? "நான்" என்பதைத்தானே காப்பாற்றுகிறது? காட்டாமல் இருக்கும்வரை நான் நல்ல ஓவியர் என்ற எண்ணத்தை யாரும் தொடமுடியாது. பெட்டிக்குள்ளேயே இருக்கும் திறமைக்குத் தோல்வி கிடையாது. அடக்கம் என்ற துணியைப் போர்த்திக்கொண்டு உள்ளே ஆணவம் பத்திரமாக உட்கார்ந்திருக்கலாம். தன்னையும் காட்டாது என்று உமாபதி சிவம் சொன்னது இதைத்தானோ?

நான் அக்காவைக் குறை சொல்லவில்லை. இது நம் எல்லாருக்கும் உள்ள நோய். வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காமல் இருக்கிறோமே, கவிதை எழுதி யாரிடமும் கொடுக்காமல் வைத்திருக்கிறோமே, அங்கேயும் இதே கதைதான். காட்டுவதில் ஆணவம் இருக்கலாம். காட்டாததிலும் இருக்கலாம். எனவே காட்டுவதா வேண்டாமா என்பதை வைத்து ஆணவத்தை அளக்க முடியாது. வேறு அளவுகோல் வேண்டும்.

இரண்டு அளவுகோல்

அக்கா கடைசியில் மூன்று படங்களைக் கொண்டுபோனார். நாங்கள் நாலு பேர் கூடப் போனோம். அன்று மாலை அங்கே பார்த்ததிலிருந்து எனக்கு இரண்டு அளவுகோல் கிடைத்தன.

ஒன்று, படத்தை மாட்டியபின் ஓவியரின் கண் எங்கே போகிறது என்பது. சிலர் வருகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் நின்றார், யார் நிற்காமல் போனார் என்ற கணக்கு. சிலர் மாட்டிவிட்டு, பக்கத்துச் சுவரில் இன்னொருவர் வரைந்திருந்த மீன்பிடிப் படகைப் பார்க்கப் போய்விட்டார்கள். கண் திறந்தபின் விலகிக்கொள்ளும் சிற்பியை நான் அங்கே கண்டேன். சிற்பியின் அடக்கம் சிலையை ஒளித்து வைத்ததில் இல்லை. ஊர் முழுக்கப் பார்க்கும்படி வைத்துவிட்டு, தான் மட்டும் வழியிலிருந்து நகர்ந்துகொண்டதில் இருக்கிறது.

இரண்டு, யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அடுத்த மாதம் வரைவாரா என்பது. அன்று அக்காவின் படம் ஒன்றுகூட விற்கவில்லை. ஒருவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு "கலர் கொஞ்சம் டல்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் ஒரு பெரியவர் மட்டும் ஒரு படத்தின் முன்னே வெகுநேரம் நின்றார். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் பால் மரத்தைச் சீவும் ஒரு பெண்ணின் படம் அது. "எங்கம்மா இப்படித்தான் போவாங்க" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. திருவள்ளுவர் புகழுக்கென்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், 24-ஆவது. அதை எங்கே வைத்தார் என்று பாருங்கள், ஈகைக்கு அடுத்து. கொடுத்தவருக்குப் பின்னால் தானே வந்து சேர்வதுதான் புகழ், தேடிப் போவதில்லை என்று அந்த வரிசையே சொல்வதாக எனக்குப் படுகிறது. அன்றைக்கு அந்தப் பெரியவருக்கு அவருடைய அம்மா ஒரு நிமிடம் திரும்பக் கிடைத்தார். அது ஈகை இல்லை என்று யார் சொல்வார்கள்? அடுத்த வாரமே அக்கா புதிய படம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்.

விலையும் சேவையும்

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தப் படத்துக்குக் கீழே 180 வெள்ளி என்று விலை எழுதியிருந்தது. எங்கள் வகுப்பிலேயே சிலருக்கு அது உறுத்தியது. "விற்பனைன்னு வந்துட்டா அப்புறம் என்ன காணிக்கை?" என்றார்கள். துணி, சாயம், சட்டம் எல்லாவற்றுக்கும் காசு போகிறது. இரவு இரண்டு மணி வரை கண்ணை வருத்திக்கொள்ளும் உழைப்பு தனி.

இதே அக்காவை முன்பு ஒரு கோயிலில் திருவிழா மேடைக்குப் பின்திரை வரையக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு அடி அகலம். சாயச் செலவையாவது கேட்டபோது, "கோயில் காரியம்மா, காசு கேட்டா எப்படி?" என்றார்களாம். அதே திருவிழாவில் பந்தல் போட்டவருக்குப் பணம், ஒலிபெருக்கிக்காரருக்குப் பணம், சமையல்காரருக்குப் பணம். அவர்கள் வாங்கியதில் தவறே இல்லை. ஆனால் படம் வரைந்தவரிடம் மட்டும் சேவை மனப்பான்மையை ஏன் எதிர்பார்க்கிறோம்? சேவை என்பது நானாகக் கொடுப்பது. இன்னொருவர் என்னிடமிருந்து எடுத்துக்கொள்வதற்குச் சேவை என்று பெயர் இல்லை. நூறு கலம் நெல்லைக் கல்லில் வெட்டி வைத்த மன்னனுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. கலைஞருக்கு அடக்கத்தைப் போதிக்கும் உரிமை, முதலில் அவருக்குச் சேரவேண்டியதைக் கொடுத்தவருக்குத்தான் உண்டு.

பார்ப்பவரின் கடமை

இதுவரை காட்டுபவரைப் பற்றியே பேசினோம். எனக்கு இப்போது அதைவிடப் பெரிதாகத் தெரிவது பார்க்கவேண்டியவரின் பங்கு. அன்று மாலை அந்த மாடியில் சீனர் இருந்தார்கள், மலாய்க்காரர் இருந்தார்கள், சுற்றுலாப் பயணிகள் இருந்தார்கள். நம்மவர் எங்களோடு சேர்த்து ஏழெட்டுப் பேர்தான். ஒரு பெரிய நடிகரின் படம் வெளியானால் முதல் காட்சிக்கு விடிகாலை நாலு மணிக்கு எழுந்து போகும் சமூகம் நாம். அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் வரைந்த படத்தைப் பார்க்க மட்டும் நமக்கு நேரம் இல்லை.

நமக்குள் கலைஞர் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த சையத் தாஜுடின், ஒரு முஸ்லிம், இராமாயணக் காட்சிகளைப் பெரிய ஓவியங்களாகத் தீட்டினார். ஜொகூரில் பிறந்த அனுரேந்திர ஜெகதேவா மலேசிய இந்தியர் வாழ்க்கையையும் நம் தெய்வ உருவங்களையும் தன் ஓவியங்களில் சேர்த்துக் காட்டியவர். சிங்கப்பூரில் 1988-இல் எஸ். சந்திரசேகரன் ஒரு சீன நண்பரோடும் ஒரு மலாய் நண்பரோடும் சேர்ந்து நடத்திய கண்காட்சிக்கு வைத்த பெயரே "திரிமூர்த்தி". அந்நாட்டுக் கலை வரலாற்றில் அது இன்றும் பேசப்படுகிறது. இந்த மூன்று பெயரையும் எங்கள் வகுப்பில் கேட்டேன். ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. இவர்கள் காட்டாமல் இல்லை, நாம்தான் பார்க்கப் போகவில்லை.

நாம் பார்க்காவிட்டால் என்ன ஆகும்? வரைகிறவர், பார்க்க வருகிறவருக்கு ஏற்ற மாதிரி மாறிவிடுவார். சுற்றுலாப் பயணிக்குப் பிடித்தது யானையும் குங்குமமும் என்றால் யானையும் குங்குமமும்தான் வரும். தலையில் விளக்கைக் கட்டிய அந்த அம்மாவை யாரும் வரையமாட்டார்கள். ஏனென்றால் "எங்கம்மா இப்படித்தான் போவாங்க" என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது. ஒரு சமூகத்தின் நினைவு வரைகிறவர் கையில் மட்டும் இல்லை, முன்னால் வந்து நிற்கிறவர் கண்ணிலும் இருக்கிறது. அந்தக் கண்ணைக் கொடுக்காத நாம், அவரைப் பார்த்துக் "காட்டிக்கொள்கிறாய்" என்று சொல்வது நியாயமே இல்லை.

அதனால் என் முடிவு இது. நேர்மையாகச் செய்த ஒன்றை எடுத்துப் போய் நாலு பேர் முன் வைப்பது ஆணவம் இல்லை. வைத்தபின் விலகி நிற்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான். பயத்தால் ஒளித்து வைப்பதை அடக்கம் என்று சொல்லி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. பார்க்கப் போவது பொழுதுபோக்கு மட்டும் இல்லை, அது ஒரு கடமை.

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். பெரும்பாலான கோயில்களில் பௌர்ணமி பூசைக்கு மாதம் தவறாமல் கூட்டம் வருகிறது. பக்கத்தில் மண்டபம் இருக்கிறது, சுவர் சும்மாதான் இருக்கிறது. நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, மாதம் ஒருவரின் படங்கள் மூன்றை அங்கே மாட்டலாம். ஓவியரின் பெயரைக் கீழே எழுதலாம். விலை இருந்தால் அதையும் எழுதலாம். பிரசாதம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் ஐந்து நிமிடம் நின்று பார்க்கட்டும். பிடித்திருந்தால் எது பிடித்தது என்று சொல்லட்டும். புரியவில்லை என்றால் கேட்கட்டும். உங்கள் வட்டாரத்தில் யார் வரைகிறார்கள் என்று தெரியவில்லையா? வரும் சனிக்கிழமை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். யாருடைய கட்டிலுக்கு அடியிலாவது கண்டிப்பாக இருக்கும்.